திருமணம் இன்றைக்கும் தேவைதானா? சேர்ந்து வாழ முடிவெடுத்த இருவரின் கேள்வி

கேள்வி
கொன்றைப்பூ, சென்னை

எனக்கு 31 வயது. சென்னையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணியாற்றுகிறேன். நானும் என் நண்பரும் வாழ்நாள் முழுவதும் சேர்ந்தே இருப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். அந்த முடிவைப் பற்றி எங்களுக்குள் ஐயம் எதுவும் இல்லை. அதற்குத் திருமணம் என்ற ஒன்று வேண்டுமா என்பதில்தான் நான் தெளிவில்லாமல் இருக்கிறேன்.

என் அக்காவின் திருமணத்துக்காக அப்பா வாங்கிய கடன், அக்காவின் மகன் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகும் தீரவில்லை. எத்தனை பவுன், எந்த மண்டபம், சீர்வரிசையில் என்னென்ன என்ற பேச்சில் தொடங்கிய உறவு அது. பிறகு தலை தீபாவளி, ஆடிச் சீர், வளைகாப்பு, பேரனுக்குக் காதுகுத்து என்று ஒவ்வொன்றிலும் எங்கள் வீட்டிலிருந்து ஏதாவது போய்க்கொண்டே இருந்தது. என்னைவிட நன்றாகப் படித்த அக்கா, குழந்தை பிறந்ததும் வேலையை விட்டாள். அத்தானை நான் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். ஆனால் வேலையை யார் விடுவது என்ற கேள்வி அந்த வீட்டில் எழவே இல்லை என்பதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

என் நண்பர் வேறு சாதியைச் சேர்ந்தவர். இரண்டு வீட்டிலும் எதிர்ப்பு இருக்கிறது. நாங்கள் சென்னையில் ஒரே வீட்டில் இருப்பது தெரிந்தாலும் தெரியாததுபோல் இருக்க அவர்களால் முடிகிறது. திருமணம் என்று சொன்னால்தான் ஊருக்கும் உறவுக்கும் பதில் சொல்ல வேண்டுமே என்று கலங்குகிறார்கள். அப்படியென்றால் அந்தப் பேச்சையே எடுக்காமல் வாழ்ந்துவிட்டுப் போகலாமே என்று தோன்றுகிறது. முன்பு பெண்ணுக்குச் சொந்த வருமானம் இல்லை. தனியாக ஒரு வீடு எடுத்துத் தங்க முடியாது. ஆகவே திருமணம் அவளுக்குப் பிழைப்பாகவே இருந்தது. இன்று எனக்கு அந்தத் தேவை இல்லை. எங்களுக்குள் இருக்கும் அன்பு, தாலியாலோ கையெழுத்தாலோ கூடப்போவதும் இல்லை.

திருமணத்தால் மட்டுமே கிடைப்பது, நாங்கள் இருவரும் வேறு வழியில் உண்டாக்கிக்கொள்ள முடியாதது என்று ஏதேனும் இருக்கிறதா? பண்பாடு, குடும்பப் பெருமை ஆகியவற்றைப் பற்றிய அறிவுரைகளைப் போதுமான அளவு கேட்டுவிட்டேன். காரணங்களை அறிய விரும்புகிறேன்.


மறுமொழி 1
வைகைக்கரை, மதுரை

குடும்ப நீதிமன்ற வழக்குகளை நடத்தும் வழக்கறிஞன் என்ற முறையில், உங்கள் கேள்வியின் சட்டப் பகுதிக்கு விரிவாக விடை சொல்கிறேன்.

வயதுவந்த இருவர் திருமணம் செய்துகொள்ளாமல் சேர்ந்து வாழ்வது இந்தியாவில் குற்றமன்று. உச்ச நீதிமன்றம் 2010-இல் இதைத் தெளிவாகச் சொன்னது. திருமணத்துக்கு முந்தைய உறவு குறித்து நடிகை குஷ்பு தெரிவித்த கருத்துக்காகத் தமிழ்நாட்டின் பல ஊர்களில் அவர்மீது தொடரப்பட்ட வழக்குகளைத் தள்ளுபடி செய்த தீர்ப்பு அது. குற்றமில்லை என்பது ஒன்று. உரிமை உண்டு என்பது வேறொன்று. பலர் முதலாவதைக் கேட்டுவிட்டு இரண்டாவதும் இருப்பதாக எண்ணிக்கொள்கிறார்கள்.

2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், திருமணத்தை ஒத்த உறவில் வாழும் பெண்ணுக்கும் பாதுகாப்பு அளிக்கிறது. ஆனால் எந்த உறவு திருமணத்தை ஒத்தது? கோயம்புத்தூரிலிருந்து சென்ற ஒரு வழக்கில், அதே 2010-இல் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை சொன்னது: இருவரும் தங்களைக் கணவன் மனைவி போலவே ஊரறியக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும், திருமண வயதை அடைந்திருக்க வேண்டும், மணமாகாதவராக இருப்பது உட்பட, சட்டப்படி மணந்துகொள்ளத் தகுதி உடையவராக இருக்க வேண்டும், தம் விருப்பத்தால் கணிசமான காலம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். உறவு முறிந்து மனம் உடைந்திருக்கும் நேரத்தில், இவை அனைத்தையும் மெய்ப்பிக்கும் பொறுப்பு வழக்குத் தொடுக்கும் பெண்ணின்மீதே விழுகிறது. மணமான பெண் ஒரு சான்றிதழைக் காட்டிவிட்டு நேராக வழக்கின் பொருளுக்கு வந்துவிடுவாள். மணமாகாதவள் தன் வாழ்க்கையே நடந்ததுதான் என்று முதலில் நிறுவியாக வேண்டும். எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் குறுக்கு விசாரணை அப்போது எப்படிப்பட்டதாக இருக்கும் என்பதை நான் எழுத விரும்பவில்லை.

இறப்பு வரும்போது நிலைமை இதைவிடக் கடினம். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, ஓர் ஆண் உயில் எழுதாமல் இறந்தால் அவருடைய மனைவி, மகன்கள், மகள்கள், தாய் ஆகியோர் முதல் வகுப்பு வாரிசுகளில் சம பங்கு பெறுகிறார்கள். சேர்ந்து வாழ்ந்தவருக்கு அந்தப் பட்டியலின் எந்த வகுப்பிலும் இடமில்லை. வட்டாட்சியர் அளிக்கும் வாரிசுச் சான்றிதழிலும் அவர் பெயர் வராது. நாமினியாகப் பெயர் கொடுத்திருக்கிறோமே என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். நாமினி என்பவர் பணத்தைப் பெற்று உரிய வாரிசுகளிடம் சேர்க்க வேண்டியவர், அவரே உரிமையாளர் ஆகிவிடுவதில்லை என்பதை உச்ச நீதிமன்றம் 1983 முதல் வலியுறுத்தி வருகிறது. ஆயுள் காப்பீட்டில் 2015-இல் ஒரு திருத்தம் செய்து, நாமினியே பணத்துக்கு முழு உரிமை உடையவர் என்று ஆக்கினார்கள். அதுவும் பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோருக்குத்தான்.

உயில் எழுதலாமே என்று கேட்பீர்கள். எழுதலாம், சுயமாகச் சம்பாதித்த சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் சாதி எதிர்ப்பு உள்ள குடும்பத்தில் அந்த உயில் நீதிமன்றத்துக்கு வராமல் போகாது. மேலும், உயில் சொத்துக்கு மட்டுமே வழி செய்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஒப்புதல் படிவத்தில் யார் கையெழுத்திடுவது, உடலை யாரிடம் ஒப்படைப்பது என்பவற்றுக்கு உயில் உதவாது.

குழந்தைகளைப் பொறுத்தவரை சட்டம் சற்றுக் கனிவாகவே இருக்கிறது. நீண்ட காலம் கணவன் மனைவியாக வாழ்ந்தவர்களைச் சட்டம் மணமானவர்கள் என்றே அனுமானிக்கும். 2022-இல் கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த அடிப்படையில் அத்தகைய பெற்றோரின் பிள்ளைக்குச் சொத்தில் பங்கு உண்டு என்றது. ஆனால் இருவரும் சேர்ந்து ஒரு குழந்தையைத் தத்தெடுக்க விரும்பினால், குறைந்தது இரண்டு ஆண்டுகள் நிலையான மணவாழ்க்கை நடத்தியிருக்க வேண்டும் என்கின்றன தத்தெடுப்பு விதிகள். 2021-ஆம் ஆண்டின் வாடகைத்தாய்ச் சட்டத்திலும் மணமாகாத இணையருக்கு இடமில்லை.

ஆகவே, வேறு வழியில் உண்டாக்கிக்கொள்ள முடியாதது உண்டா என்ற உங்கள் கேள்விக்கு, உண்டு என்பதே என் விடை. அன்பை நீங்கள் இருவருமே உண்டாக்கிக்கொள்ளலாம். இவர் எனக்கு யார் என்பதை மூன்றாவது மனிதர் ஏற்றே தீர வேண்டும் என்ற கட்டாயத்தை உங்களால் உண்டாக்க முடியாது.


மறுமொழி 2
ஓய்வுபெற்ற ஆசிரியை, அருப்புக்கோட்டை

மகளே, உன் கேள்வியைப் படித்ததும் என் பெற்றோரை நினைத்துக்கொண்டேன். எங்கள் ஊருக்கு அருகில் உள்ள சுக்கிலநத்தத்தில்தான் 1928-இல் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. என் பெற்றோர் அந்த வழியில் 1950-களில், புரோகிதர் இல்லாமல், உறவினரும் நண்பர்களும் கூடியிருக்க மாலை மாற்றிக்கொண்டு, உறுதிமொழி கூறி மணந்தவர்கள். அப்படிப்பட்ட திருமணம் செல்லாது என்று 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அந்தத் தீர்ப்பு சட்டப் புத்தகத்தோடு நின்றுவிடவில்லை. வயல் பங்கீட்டில் தகராறு வந்தபோது, "உன் அம்மா சட்டப்படி பெண்டாட்டியே இல்லை, உனக்கு ஏது பங்கு" என்று பங்காளிகள் சொன்னதைக் கேட்டு வளர்ந்தவள் நான். பிள்ளைகளாகிய எங்களுக்கு அதன் பொருள் முழுதாக விளங்காத வயதில் அம்மாவுக்கு விளங்கியது.

1967-இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. புரோகிதரும் வேண்டாம், தீயும் வேண்டாம். உறவினர், நண்பர் அல்லது வேறு எவர் முன்னிலையிலும், இருவருக்கும் தெரிந்த மொழியில் ஒருவரையொருவர் கணவனாகவும் மனைவியாகவும் ஏற்பதாகச் சொல்லலாம், அல்லது மாலையோ மோதிரமோ மாற்றிக்கொள்ளலாம், அல்லது தாலி கட்டலாம். இவற்றில் ஒன்று நடந்தாலும் திருமணம் செல்லும் என்றது அது. ஏற்கெனவே அப்படி நடந்துமுடிந்த திருமணங்களையும் அது செல்லத்தக்கவை ஆக்கியது. என் அம்மா சட்டப்படி மனைவியானது அன்றைக்குத்தான்.

இதில் நீ எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. சடங்கையும் சாதியையும் அவ்வளவு கடுமையாக மறுத்தவர்கள், திருமணமே வேண்டாம் என்று ஒதுங்கிப் போயிருக்கலாம். 1929-இல் செங்கற்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்துரிமையும் மணவிலக்கு உரிமையும் வேண்டும் என்று தீர்மானம் போட்டவர்கள் அவர்கள். அப்படிப்பட்டவர்கள் தங்கள் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு வேண்டும் என்று பல ஆண்டுகள் போராடினார்கள். மணவாழ்க்கையைக் கடுமையாக விமர்சித்த பெரியாரே 1949-இல் மணியம்மையாரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டபோது, தமக்குச் சட்டப்படியான வாரிசு ஒருவரை ஏற்படுத்தும் ஏற்பாடு என்றே அதை விளக்கினார். அந்தத் திருமணத்தால் இயக்கமே பிளந்தது. அதன் அரசியலுக்குள் நான் போகவில்லை. சட்டம் யாரை உறவு என்று ஏற்கும் என்பது அவருக்கு எவ்வளவு தெளிவாகத் தெரிந்திருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

என் கணவர் அரசுப் பணியில் இருந்தவர். அவர் மறைந்த பிறகு எனக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. அவருக்காக நான் அழுதது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. நான் அவர் மனைவி என்பது பணிப் பதிவேட்டில் இருந்தது. அதனால்தான் மருந்துக்கும் அரிசிக்கும் மகனிடம் கை நீட்டாமல் வாழ்கிறேன்.

உன் அக்காவுக்கு நேர்ந்தது பெரிய அநியாயம். ஆனால் அந்த அநியாயம் பவுனிலும் சீரிலும் மண்டபத்திலும் இருக்கிறது. 1961-ஆம் ஆண்டிலிருந்து வரதட்சணை குற்றம். நாம்தான் சீர் என்று வேறு பெயர் வைத்துத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டிருக்கிறோம். அவற்றை வேண்டாம் என்று சொல்லும் வலிமை சொந்தமாகச் சம்பாதிக்கும் உனக்கு இருக்கிறது. அவற்றை மறுப்பதற்காக, என் அம்மா பல ஆண்டுகள் காத்திருந்து பெற்ற ஒன்றை நீ விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.


மறுமொழி 3
தனிவழி, கோயம்புத்தூர்

மேலே எழுதிய இருவரையும் மதிக்கிறேன்; ஆனால் இருவரிடமிருந்தும் மாறுபடுகிறேன். திருமணம் ஏன் தேவை என்றால், திருமணமானவர்களுக்கே சட்டம் உரிமை தருகிறது என்கிறீர்கள். அந்த உரிமைகளைத் திருமணத்தோடு சேர்த்துக் கட்டியவர்கள் யார்? சட்டம் இயற்றியவர்கள்தாம். கட்டியதை அவிழ்க்கச் சொல்லிக் கேட்காமல், அதற்குள் போய் நின்றுகொள் என்று ஓர் இளம் பெண்ணிடம் சொல்வது எப்படிச் சரியாகும்?

நான் மணவிலக்குப் பெற்றவள். உள்ளே போவதன் நன்மைகளை இங்கே விரிவாக எழுதியிருக்கிறார்கள். வெளியே வருவதன் விலையை யாரும் எழுதவில்லை. இருவரும் மனமொத்துப் பிரிந்தாலே, ஓராண்டு தனித்து வாழ்ந்திருந்தால்தான் மனுவே கொடுக்க முடியும். அதன் பிறகு ஆறு மாதக் காத்திருப்பு, அதை நீதிமன்றம் விரும்பினால் தள்ளுபடி செய்யலாம். ஒருவர் மறுத்துவிட்டால், வாய்தாக்களிலேயே இளமை கழிந்துவிடும். நான் வாடகைக்கு வீடு தேடியபோதும், அலுவலகத்தில் விடுப்புக் கேட்டபோதும், அந்த வழக்கைப் பற்றி முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. சேர்ந்து வாழ்ந்து பிரிந்திருந்தால் வலி இதே அளவு இருந்திருக்கும். ஆனால் என் வாழ்க்கை ஒரு வழக்கு எண்ணாக மாறியிருக்காது.

2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் ஏறத்தாழ 38 விழுக்காட்டினர் கணவரால் உடல்சார்ந்த அல்லது பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்கள். கல்வியிலும் தொழிலிலும் முன்னணியில் இருப்பதாக நாம் பெருமைப்படும் மாநிலத்தின் கணக்கு இது. 2019-இல் இந்திய அளவில் நடந்த நேரப் பயன்பாட்டு ஆய்வோ, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் அதற்குச் செலவிடுகிறார்கள் என்றது. ஆசிரியை அம்மா சொல்வதுபோல் அநியாயம் முழுவதும் பவுனிலும் சீரிலும் இருந்திருந்தால், எளிமையாக மணந்தவர்களின் சமையலறையில் இந்த வேறுபாடு இருக்கக் கூடாது. சுயமரியாதைத் திருமணம் செய்த எத்தனையோ வீடுகளிலும் காலைச் சிற்றுண்டியை ஒருவரே சமைக்கிறார்.

இன்னொன்றும் உண்டு. மணந்துகொள் என்ற அறிவுரை, மணக்கவே அனுமதி இல்லாதவர்களுக்கு என்ன பயன் தரும்? ஒரே பாலினத்தவர் மணந்துகொள்ளும் உரிமையை ஏற்க 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஆனால் 2025 மே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, குடும்பத்தால் அடைத்து வைக்கப்பட்ட ஒரு பெண்ணை அவருடைய இணையோடு செல்ல அனுமதித்தபோது, குடும்பத்தை அமைக்கத் திருமணம் ஒன்றே வழி அன்று, தாமே தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பமும் குடும்பமே என்று சொன்னது. நாம் பிடித்துக்கொண்டு முன்னேற வேண்டிய வழி இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். சேர்ந்து வாழும் இணையர், மணமாகாமல் ஒரே வீட்டில் மூப்படையும் அக்கா தங்கைகள், ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் தோழிகள் எல்லோருக்கும், எனக்கு நெருங்கியவர் இவர் என்று எழுதிக் கொடுக்கும் உரிமை வேண்டும். மருத்துவமனையும் வங்கியும் அதை ஏற்க வேண்டும். எல்லோரும் மணந்துகொண்டே இருந்தால், அந்த உரிமையைக் கேட்க யார் இருப்பார்கள்?


மறுமொழி 4
பனைநிழல், டொராண்டோ

யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வாழ்பவள் என்ற முறையில் இரண்டு செய்திகளை மட்டும் சேர்க்கிறேன்.

திருமணம் பெண்ணுக்கு உரிமை தருகிறது என்று இந்தியச் சட்டத்தை வைத்து எழுதியிருக்கிறீர்கள். எங்கள் ஊரில் அது பெண்ணிடமிருந்து ஒன்றை எடுத்தும் விடுகிறது. வட மாகாணத் தமிழருக்குரிய தேசவழமைச் சட்டத்தின்கீழ் வரும் மணமான பெண், தன் பெயரிலேயே இருக்கும் காணியையோ வீட்டையோ விற்பதற்குக் கணவரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். இதைச் சொல்வது 1911-ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம். கணவர் தன் காணியை விற்க மனைவியின் சம்மதம் தேவையில்லை. தாய் வழியில் சீதனமாக வந்த காணியாக இருந்தாலும் இதுதான் நிலை. கணவர் கைவிட்டுப் போயிருந்தாலோ, காணாமற்போயிருந்தாலோ அந்தச் சம்மதத்துக்கு ஈடான கட்டளையைப் பெற மாவட்ட நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். போருக்குப் பிறகு, கணவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்றே அறியாத பெண்களுக்கு இது எப்படிப்பட்ட சுமை என்று எண்ணிப் பாருங்கள். மணமாகாத அவளுடைய தங்கை தன் காணியைத் தானே விற்கலாம்.

இரண்டாவது, 'தனிவழி' கேட்கும் மாற்றம் கனடாவில் எப்படி நடந்திருக்கிறது என்பது பற்றியது. இங்கே பன்னிரண்டு மாதங்கள் இணையராகச் சேர்ந்து வாழ்ந்தாலே வருமான வரித் துறை உங்களை ஓர் இணையாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஒன்ராறியோ மாகாணத்தில் மூன்று ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தவர் பிரிந்தபின் தாபரிப்புப் பணம் (ஜீவனாம்சம்) கேட்கலாம். இத்தனை இருந்தும், மணவாழ்வின்போது சேர்ந்த சொத்தின் மதிப்பைச் சமமாகப் பகிர்ந்துகொள்ளும் உரிமை இதே மாகாணத்தில் மணமானவர்களுக்கு மட்டுமே உண்டு. உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்தில் சேர்ந்து வாழ்ந்தவருக்கு வாரிசுப் பங்கும் இல்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் இரண்டு ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தாலே ஏறத்தாழ மணமானவருக்குரிய உரிமைகள் வந்துவிடுகின்றன. ஒரே நாட்டுக்குள் இப்படி. சேர்ந்து வாழ்ந்தால் எல்லாம் தானாகவே வந்துவிடும் என்று நம்பியிருந்து, பிரிந்தபோது வீட்டின் உறுதியில் (பத்திரத்தில்) தன் பெயர் இல்லாததைக் கண்ட எங்கள் பெண்கள் இங்கே இருக்கிறார்கள். சகோதரி, எந்த வழியைத் தேர்ந்தாலும், நீங்கள் வாழும் இடத்தின் சட்டத்தில் உங்கள் பெயர் எங்கே இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.


கேள்வி கேட்டவரின் மறுமொழி
கொன்றைப்பூ, சென்னை

எல்லோருக்கும் நன்றி. 'தனிவழி' எழுதியவற்றில் ஒன்றைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை. அந்த உரிமை இந்த நாட்டில் எல்லோருக்கும் வர வேண்டும் என்றே நானும் விரும்புகிறேன். ஆனால் நாங்கள் இருவரும் வீட்டுக் கடன் வாங்க இருக்கிறோம். நாளை எங்களில் ஒருவருக்கு ஏதேனும் நேர்ந்தால், இன்று எங்களைப் பார்க்காததுபோல் இருப்பவர்கள்தான் சட்டப்படியான வாரிசுகளாக வந்து நிற்பார்கள் என்பதை நான் இதுவரை எண்ணிப் பார்க்கவே இல்லை. ஆசிரியை அம்மாவின் தாயாரைப் பற்றிய பகுதியை என் நண்பருக்கும் படித்துக் காட்டினேன். மண்டபமும் சீரும் சடங்கும் இல்லாமல் மணந்துகொள்ளலாம் என்ற எண்ணத்துக்கு வந்திருக்கிறோம். இருவரும் இந்துக்கள். சிறப்புத் திருமணச் சட்டமா, 7-ஏ பிரிவா, எது எங்களுக்குப் பொருந்தும் என்று வைகைக்கரை ஐயா சொல்ல இயலுமா?


மறுமொழி 5
வைகைக்கரை, மதுரை

1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் முன்கூட்டியே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். உங்களில் ஒருவராவது குறைந்தது 30 நாட்கள் வசித்த மாவட்டத்தின் திருமண அலுவலரிடம் அதைக் கொடுத்தால், அவர் அதை அலுவலகத்தில் எல்லோர் பார்வைக்கும் ஒட்டுவார். 30 நாட்களுக்குள் எவரும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அதன் பிறகே மூன்று சாட்சிகள் முன்னிலையில் திருமணம். சாதி எதிர்ப்பு உள்ள குடும்பங்களுக்குச் செய்தி போய்ச்சேர அந்த 30 நாட்கள் தாராளமாகப் போதும். 7-ஏ பிரிவில் அந்த அறிவிப்பு இல்லை. இருவரும் இந்துக்கள் என்பதால் அது உங்களுக்குப் பொருந்தும். நண்பர்கள் சிலர் முன்னிலையில் உறுதிமொழி கூறி மாலை மாற்றிக்கொண்டாலே திருமணம் நிறைவேறிவிடும். அது ஊரறிய விழாவாக நடக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று 2023-இல் உச்ச நீதிமன்றம், தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே தெளிவுபடுத்திவிட்டது.

அதன் பிறகு, 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். உறுதிமொழியோ மாலையோ இல்லாமல் நேராகப் பதிவு மட்டும் செய்துகொள்ள வேண்டாம். இந்துத் திருமணச் சட்டத்துக்கு உட்பட்டவர்களுக்கு, திருமணம் நடக்காமல் வெறும் பதிவுச் சான்றிதழ் மட்டும் இருந்தால் அது திருமணம் ஆகாது என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. புகைப்படங்களையும் சாட்சிகளின் முகவரிகளையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். மிரட்டல் ஏதேனும் வந்தால் காலம் தாழ்த்தாமல் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடமோ மாநகரக் காவல் ஆணையரிடமோ எழுத்து மூலம் மனுக் கொடுங்கள். சாதி மறுத்து மணப்போரைப் பாதுகாக்க மாவட்டந்தோறும் தனிப் பிரிவு அமைக்க வேண்டும் என்ற 2018-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்ற உத்தரவை அந்த மனுவில் குறிப்பிடுங்கள்.

'தனிவழி' எழுப்பிய மறுப்பில் எனக்கு உடன்பாடு உண்டு. அதனால்தான் இதையும் சேர்த்துச் சொல்கிறேன். மணந்த பிறகு உங்கள் சொத்து எங்கே போகும் என்பதையும் இந்து வாரிசுரிமைச் சட்டம் முன்பே எழுதி வைத்திருக்கிறது. பிள்ளைகள் இல்லாத நிலையில் நீங்கள் உயில் எழுதாமல் இறந்தால், நீங்கள் உழைத்துச் சம்பாதித்தது முழுவதும் கணவருக்குப் போகும். கணவரும் இல்லையென்றால், உங்கள் பெற்றோரைவிடக் கணவரின் வாரிசுகளுக்கே முன்னுரிமை. கணவர் வீட்டிலிருந்து துரத்தப்பட்டு, பெற்றோர் வீட்டில் தங்கிப் படித்து வேலைக்குச் சென்ற ஒரு பெண்ணின் சேமிப்பு, கடைசியில் அந்தக் கணவர் வீட்டாருக்கே சேரும் என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது இந்தப் பிரிவால்தான். உங்கள் தந்தையின் கடனை அடைக்க நீங்கள் உதவி வருகிறீர்கள் என்றால், திருமணப் பதிவு முடிந்த அதே வாரத்தில் இருவரும் தனித்தனியே உயில் எழுதி, அதையும் சார்பதிவாளர் அலுவலகத்திலேயே பதிவு செய்துவிடுங்கள். உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனால் உங்கள் இரு வீட்டின் நிலையை வைத்துப் பார்க்கும்போது, அதைச் செய்துவிடுவதே நல்லது. இரண்டு சாட்சிகள் போதும். சொத்தில் பங்கு பெறாதவர்களாக அவர்கள் இருக்கட்டும்.